தகட்டின் மேல் குறை இல்லை

1998 பிப்ரவரி 17, செவ்வாய்.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. தமாகி சானுடைய இழைப்புளித் தகட்டின் அகலத்தை ஞாபகத்திலிருந்து அறுபத்தைந்து மில்லி என்று எழுதிவிட்டேன். இன்று அது கையில் கிடைத்ததும் அளந்து பார்த்தேன். அறுபத்து நான்கு புள்ளி ஆறு. ஞாபகத்தை நம்பி எழுதக் கூடாது என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். திருத்திவிட்டேன்.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கிறவர்கள்தான் எங்கள் கடைக்கு அதிகம் வருகிறார்கள். மிகி ஊரில் ஹமாய் இரும்புக் கடையில் தகடு விற்கும் பகுதியில் மூன்று வருடமாக நிற்கிறேன். மரம் இழைக்கும் இழைப்புளிக்குப் புதுத் தகடு வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது தகட்டின் முகத்தில் வெட்டியிருக்கும் கொல்லர் பெயரை. அடுத்து அது வரும் மரப்பெட்டியை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார். இரும்பில் அலை அலையாகக் கோலம் ஓட வேண்டும் அவருக்கு. வாங்கிப்போய்க் கண்ணாடி அலமாரியில் வைத்து, விருந்தாளிகளுக்குக் காட்டுவார். தகடு உட்காரும் மரக்கட்டையைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டால், “அது எதுக்கு?” என்பார்.

பழைய கட்டையின் வாய் பழைய தகட்டுக்காகச் செதுக்கப்பட்டது. புதுத் தகட்டின் தடிமனும் சரிவும் அதோடு ஒத்துப்போக வேண்டும். பக்கவாட்டில் மட்டும் மயிரிழை இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மரம் சுருங்கும்போது தகடே கட்டையைப் பிளந்துவிடும். இதைச் சொல்ல ஆரம்பித்தால் வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இப்படிப்பட்டவர்கள் நடுவில்தான் நான் வேலை செய்கிறேன் என்பதைப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். படிப்பவர்கள் என்று யாரும் இல்லை. தச்சு வகுப்பு நோட்டு வேறு. அதில் மாதம் ஒருமுறை ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். இது என் சொந்த நோட்டு.

நேற்று ஹோரியே என்பவர் கடைக்கு வந்தார். காப்பீட்டு நிறுவனத்துக்காரர். பேனாவை மூடாமலே சட்டைப் பையில் செருகுகிற ஆள். பையின் அடியில் மைக்கறை. ஜனவரியில் மரத் தொழிற்சாலையில் தமாகி சானுக்கு நடந்த விபத்தை விசாரிக்கிறார். குறை இயந்திரத்தின் மேலா, அவர் மேலா என்பது முடிவாக வேண்டும். அவர் மேல் என்றால் தொழிற்சாலை எதுவும் தர வேண்டியதில்லை.

“மாலை வகுப்புல உங்ககூடப் படிச்சாங்களாமே. கை வேலையில எப்படி? கவனமான ஆளா?”

“அதை நான் சொல்லக் கூடாதுங்க. நோட்டுல இருக்கு.”

“நோட்டா?”

“தேதி வாரியா. எல்லாரும் இழைப்புளி இழுத்த ஒவ்வொரு இழுப்பும் குறிச்சிருக்கேன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “உங்கள மாதிரி ஒரு ஆள் ஊருக்கு ஒருத்தர் இருந்தா எங்க வேலை எவ்வளவோ லேசாயிடும்” என்றார். புதன்கிழமை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கடையில் இருந்த தகடு ஒன்றின் விளிம்பைக் கட்டைவிரலால் நீளவாக்கில் தடவிப் பார்த்தார். ரத்தம் வந்தது. காகிதம் கொடுத்தேன்.

அவர் கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. கேட்காத சிலது உண்டு. அவற்றையும் எங்காவது ஒழுங்காக எழுதிவைப்பதுதான் முறை.

தமாகி சான் போன வருடம் ஏப்ரலில் வகுப்பில் சேர்ந்தார். திங்கள், வியாழன் மாலை ஆறு மணிக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் நடக்கும் தச்சு வகுப்பு. எனக்கு அது இரண்டாம் வருடம். அவருக்கு முப்பத்து மூன்று வயது. என்னைவிட ஒன்பது வயது மூத்த பெண், அதனால் என்னை மினோபே-குன் என்று கூப்பிடுவார். பள்ளிக்கூட மதிய உணவுக் கூடத்தில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர். பழைய சாமான் கடையில் வாங்கிய இழைப்புளி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். நோட்டு கொண்டுவர மாட்டார்.

எங்கள் ஆசிரியர் குவாதா. சென்செய் என்போம். அவர் வகுப்பில் ஒரே ஒரு விதிதான். கரும்பலகையின் மேல்மூலையில் எழுதியிருப்பார், அழிப்பதே இல்லை: தகட்டைக் குறை சொல்லாதே. சீவல் கிழிந்தால், சுருண்டால், பொடிப்பொடியாக வந்தால், குற்றம் கூர் தீட்டிய கையின் மேல். தகடு சரியில்லை என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அன்றைக்கு அவர்தான் சீவல் முழுவதையும் பெருக்கி அள்ள வேண்டும். யாரும் அடுத்தவர் தகட்டைத் தொடக் கூடாது. சென்செய் மட்டும் தொடுவார். அவரும் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். இரண்டாவது இழுப்பு இழுக்கிறவனுக்கு முதல் இழுப்பில் நம்பிக்கை இல்லை என்பது அவர் எண்ணம். தலையில் துணிப்பட்டை கட்டிக்கொண்டு இப்படிச் சொன்னால் ஊர் கேட்டுக்கொள்ளும்.

ஜூன் மாதம் தமாகி சான் ஹினோக்கி மரத்தில் ஒன்பது மைக்ரான் தடிமனில் சீவல் எடுத்தார். மூன்றாவது மாதத்தில். சென்செய் இரண்டு முறை அளந்தார். செய்தித்தாளின் மேல் சீவலை விரித்து, அதன் ஊடாகவே பேஸ்பால் முடிவுகளை உரக்கப் படித்தார். என் சிறந்த அளவு பதினான்கு மைக்ரான். அதை எட்ட எனக்கு ஒன்றேகால் வருடம் ஆனது. சாணைக்கல்லின் மேல் தகட்டைப் பிடிக்கும் கோணத்தைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.

“எப்படிங்க செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“தெரியலையே மினோபே-குன். முட்டைக்கோஸ் நறுக்குற மாதிரி நெனச்சுக்கிட்டு இழுத்தேன்.”

“குறிச்சு வெச்சீங்களா?”

“எதை?” என்றார்.

அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். எதை என்று கேட்டார்.

ஹிமேஜியில் கோயில் தச்சுப் பட்டறை ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை நவம்பரில் அங்கிருந்து வந்து எங்கள் வகுப்பில் ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். நான் இந்த வகுப்பில் சேர்ந்ததே அதற்காகத்தான். அன்று சென்செய் எல்லார் முன்னாலும், “இந்த வருஷம் ஹிமேஜிக்காரங்க நம்ம சமையல்காரம்மாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க போலிருக்கே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வகுப்பு நோட்டில் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. அது அளவு அல்ல.

ஜூலையில் தமாகி சான் கடைக்கு வந்தார். அவருடைய பழைய தகடு தேய்ந்து குட்டையாகிவிட்டது. சுத்தியலால் தட்டினால் அடி கட்டையின் மேல் விழுந்தது. கட்டையைக் கொண்டுவந்திருந்தார். அதுவரை அந்த மாதத்தில் கட்டையோடு வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று தகடுகளை எடுத்து வைத்தேன். ஒன்று சரிவு அதிகம். இன்னொன்றில் இரும்பும் எஃகும் சேரும் கோடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மூன்றாவது, இதே ஊர்க் கொல்லர் அடித்தது, பெயர் பெரிதாக வெட்டாதது, அந்தக் கட்டைக்கென்றே செய்தது போல இருந்தது. நான் தேர்ந்தெடுத்தது மிக நல்ல தகடு. இதை யாரும் மறுக்க முடியாது.

“எனக்கு இதுல ஒண்ணும் புரியாது. நீ பாத்துக் குடுத்தா சரி” என்றார்.

“ரெண்டு நாள் குடுங்க. கட்டையில பொருத்தி வெக்கிறேன்.”

கடையின் பின்பக்கம் தேநீர் போட ஒற்றை எரிவாயு அடுப்பு இருக்கிறது. தகட்டின் விளிம்பை அதன் சுடரில் காட்டினேன். எஃகு முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு தவிட்டு நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம். நீலம் வந்தால் கொல்லர் ஏற்றிய பதம் இறங்கி எஃகு மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். தேநீர் கொதிக்க ஆகும் நேரம்கூட ஆகாது. நிறத்தை நுண்ணிய சாணைக்கல்லில் தேய்த்து எடுத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கூரும் பிடிக்கும். அழகாகவே பிடிக்கும். நிற்காது, அவ்வளவுதான். முதல் இழுப்பு நன்றாக வரும், இரண்டாவதும் வரும். நான்காவதில் விளிம்பு மடங்கத் தொடங்கும்.

இதைக் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நினைக்கக் கூடாது. ஒன்பது மைக்ரான் கையால் வந்ததா, பழைய தகட்டால் வந்ததா என்பது யாருக்கும் தெரியாமல் இருந்தது. சென்செய்க்கு அந்தக் கேள்வியே எழவில்லை. சோதனை என்றால் மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான் ஒன்றை மட்டும்தான் மாற்றினேன். கட்டையில் தகட்டைப் பொருத்திய வேலை சுத்தமாக இருந்தது. பக்கவாட்டு இடைவெளி இருபுறமும் ஒரே அளவு.

வகுப்பு நோட்டில் ஜூலை 24, வியாழக்கிழமை: தமாகி, முதல் இழுப்பு பதினொன்று, மூன்றாவது பத்தொன்பது, நான்காவது கிழிந்தது. ஜூலை 28: நான்காவது கிழிந்தது. ஜூலை 31: நான்காவது கிழிந்தது, மீண்டும் கூர் தீட்டினார், நான்காவது கிழிந்தது. ஒரு எண்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. இந்தப் பக்கங்களைத்தான் ஹோரியே பார்க்கப்போகிறார்.

தமாகி சான் ஆகஸ்ட் முதல் வாரம், தகட்டைத் தீட்டிய கையோடு, இழைப்புளியை சென்செய்யிடம் நீட்டினார். அவர் ஒரு இழுப்பு இழுத்தார். சீவல் பட்டு மாதிரி வந்தது.

“தகடு ஜம்முனு இருக்கு தமாகி-சான். கைதான் எங்கேயோ போயிடுச்சு. ஒன்பது மைக்ரான் வந்ததும் தலைக்கேறிடுச்சோ?”

அவர் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இன்னும் மூன்றே மூன்று முறை இழுத்துப் பார்த்திருந்தால் சென்செய்க்குத் தெரிந்திருக்கும். ஒரு சின்ன அரம் எடுத்து விளிம்பில் வைத்திருந்தால் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். பதம் உள்ள எஃகில் அரம் வழுக்கும், இறங்கிய எஃகில் பற்றும். முப்பது வருட அனுபவம். ஒரு இழுப்பு.

பிறகு தமாகி சான் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து கூர் தீட்ட ஆரம்பித்தார். விரல் நுனித்தோல் கல்லோடு சேர்ந்து தேய்ந்தது. சாணைக்கல்லின் சேறு சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். அவருடையது இளஞ்சிவப்பாக இருந்தது. என் கல்லை அவருக்குக் கொடுத்தேன். கோணத்தைப் பற்றி எழுதிய நாற்பது பக்கத்தில் பதினைந்து பக்கம் நகல் எடுத்துக் கொடுத்தேன். அதைப் படித்தார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு இழுப்பதற்கு முன் தயங்க ஆரம்பித்தார். அந்த வகுப்பில் என்னைவிட அன்பாக அவரிடம் யாரும் நடந்துகொள்ளவில்லை. ஓகுனோ என்று ஒருவன் உண்டு. தேய்ந்தால் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுகிற மெல்லிய தகடு போட்ட இழைப்புளிதான் அவனுடையது. ஐந்து தகடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வரும், முகச்சவர பிளேடு மாதிரி. “எதுக்கு அக்கா உசுரை விடறீங்க, என்னோடது ஒண்ணு போட்டுக்கோங்க” என்று டப்பாவை நீட்டினான். கூர் தீட்டவே தெரியாதவன். தமாகி சான் வேண்டாம் என்று சிரித்தார். நான் அப்போது மூச்சு விட்டதாக நினைவு, அதைக் குறிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு பை பேரிக்காயோடு கடைக்கு வந்தார்.

“மன்னிச்சுக்கோ மினோபே-குன். நீ அவ்வளவு பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தே. அப்படிப்பட்ட சாமான் என் கையில வந்து வீணாப்போச்சு.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

“இன்னொண்ணு வாங்கிப் பாக்கட்டுமா? ஐயோ, தகட்டைக் குறை சொல்லலே. புதுசுல இருந்து ஒழுங்கா ஆரம்பிக்கலாமேன்னு...”

இரண்டாவது தகட்டையும் நானே தேர்ந்தெடுத்தேன். அதுவும் நல்ல தகடு. அடுப்பில் இந்த முறை இன்னும் குறைந்த நேரம்தான் ஆனது, முன்பு குறித்து வைத்திருந்ததால். பேரிக்காய் நன்றாக இருந்தது, நிறையச் சாறு.

அக்டோபரில் வகுப்பை விட்டு நின்றுவிட்டார். ஒன்பது மைக்ரான் ஏதோ குருட்டாம்போக்கில் வந்தது என்று அவரே சொன்னார். அந்த முடிவை நான் சொல்லவில்லை. உணவுக்கூட வேலையை ஹிமேஜியை நம்பி முன்பே விட்டிருந்தார். மரத் தொழிற்சாலையில் இழைக்கும் இயந்திரத்துக்கு ஆள் தேடினார்கள். அந்த மேற்பார்வையாளர் எங்கள் வாடிக்கையாளர். நானே சொல்லி வைத்தேன்.

“அங்கே கூர் தீட்டுற தொல்லையே கிடையாதுங்க. தேஞ்சா தகட்டைக் கழட்டி மாத்திட வேண்டியதுதான்.”

“என்னை மாதிரிக் கைக்கு அதுதான் சரி” என்றார்.

நவம்பரில் ஹிமேஜிக்காரர்கள் வந்தார்கள். நான் பதினான்கு எடுத்தேன். ஓகுனோ பதினாறு. ஓகுனோவை எடுத்துக்கொண்டார்கள். பட்டறைத் தலைவர் காரணமும் சொன்னார்: “தகட்டு வேலையெல்லாம் அங்கே வந்து கத்துக்கலாம். சொன்ன நேரத்துக்கு வந்து, சிரிச்ச முகமா இருக்கற பையன் போதும்.” கோயில் கட்டுகிறவர்கள். அன்றைய குறிப்பு ஒரே வரி.

ஜனவரி 13 அன்று தமாகி சான் இயந்திரத்தில் தேய்ந்த தகடுகளை மாற்றிக்கொண்டிருந்தபோது அது ஓடத் தொடங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். பக்கத்தில் யாரும் இல்லை. அந்தத் தகடுகளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்.

இன்று நான்கு மணிக்கு அவர் கடைக்கு வந்தார். இழைப்புளியை அதே துண்டில் சுற்றி, இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு. வலது கை கட்டுப் போட்டுச் சிறிதாக இருந்தது.

“இதை நீயே வெச்சுக்கோ. உன் கையிலயாவது நல்லா இருக்கட்டும்.” பிறகு, “அந்த ஹோரியே ஆள் உன்கிட்டயும் வந்தானாமே. உனக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்” என்றார்.

“சுவிட்சை அணைச்சீங்களா?” என்று கேட்டேன். உண்மை தெரிந்திருப்பது நல்லது.

அவர் இழைப்புளியைக் கல்லாமேல் வைத்தார்.

“அணைச்சேன்னுதான் ஞாபகம். பொத்தான் உள்ளே போன சத்தம்கூடக் காதுல இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் தகட்டை ஒழுங்காத்தான் தீட்டினேன்னுகூடத்தான் நெனச்சேன். நெனச்சது என்னிக்கு சரியா இருந்துச்சு? அதனால, அணைக்காம விட்டிருப்பேன்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும்.”

நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஹோரியே வகுப்பைப் பற்றிக் கேட்டபோது தகடு ஏதாவது கோளாறா என்றும் கேட்டாராம். “ச்சே, தகடு மேல ஒரு குறையும் இல்ல, மினோபே-குன் எடுத்துக் குடுத்ததுன்னு சொன்னேன்” என்றார். அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்ததாகவும் சொன்னார்.

அதோடு போயிருக்கலாம். எழுந்தவர், வாடிக்கையாளர்கள் சோதித்துப் பார்க்க நாங்கள் மேசையில் பொருத்தி வைத்திருக்கும் ஹினோக்கிக் கட்டையைப் பார்த்தார். அதன் மேல் என் சொந்த இழைப்புளி இருந்தது.

“இடது கையால ஒரு தடவை இழுத்துப் பாக்கட்டுமா? சும்மா, விளையாட்டுக்கு.”

முதல் இழுப்பு கோணலாகப் போனது. இரண்டாவது பாதியில் அறுந்தது. மூன்றாவதில் வலது கையின் அடிப்பாகத்தைத் தகட்டின் தலையில் வைத்து அழுத்திக்கொண்டு, பின்னால் நடந்தபடியே இழுத்தார். சீவல் முழு நீளத்துக்கும் வந்து, சத்தமில்லாமல் தரையில் இறங்கியது.

“பாத்தியா, இது உன் தகடு பண்ற வேலை. என் கையில ஒண்ணுமில்ல” என்று சிரித்தார். மாதக்கணக்கில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு, கடை வாசல்வரை போய்த் திரும்பி, “சின்னதா ஒரு இழைப்புளி, நாப்பத்தெட்டு மில்லி, இடது கைக்குத் தோதா... நீயே ஒரு தகடு பாத்துக் குடேன். வீட்டுல சும்மாதானே உக்காந்திருக்கேன். வகுப்புக்கு வரலாமான்னு சென்செய்யையும் கேக்கணும்” என்றார்.

அவர் போன பிறகு சீவலை அளந்தேன். பதினொன்று. மூன்று இடத்தில் அளந்தேன். பதினொன்று. அதே தகட்டில், நானே தீட்டியதில், நானே வைத்த அளவில், அதே கட்டையில் ஆறு முறை இழுத்தேன். பதினான்கு, பதினைந்து, பதினான்கு, பதினேழு, பதினைந்து, பதினைந்து.

மைக்ரோமீட்டரில் கோளாறு இருக்கலாம். அல்லது கடையில் காற்று ஈரமாக இருந்திருக்கலாம். ஒரே ஒரு சீவலை வைத்து முடிவுக்கு வருவது சென்செய் மாதிரி ஆட்கள் செய்வது. நான் அப்படிப்பட்டவன் அல்ல. போன வருடம் செய்ததை மறைக்காமல் மேலே எழுதிவிட்டேன். தகட்டை வைத்து யாருக்கும் கெடுதல் செய்ய வேண்டும் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். இடது கை புதிய கை. அதற்கு இன்னும் எந்தக் குறிப்பும் கிடையாது.

நாளைய வேலை: பத்து மணிக்கு ஹோரியே வருவதற்குள் வகுப்பு நோட்டில் தமாகி சான் வரும் பக்கங்களுக்கெல்லாம் காகிதத் துண்டு வைக்க வேண்டும். நாற்பத்தெட்டு மில்லியில் நல்ல தகடாக ஒன்று எடுத்து வைக்க வேண்டும். தேநீர் அடுப்பின் சுடர் சிறுத்து எரிகிறது. காலையிலேயே புது சிலிண்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.